பொட்டு வைத்த துவக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மா ஒரு ட்ரெட்மில் வாங்கியிருக்கிறார். அதை எங்கே வைத்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்களுக்குக் கோபம் வரப்போகிற செய்தி. உங்கள் பிரென் துவக்கும் ஸ்டென் துவக்கும் இப்போது வீட்டில் இல்லை. நான் விற்கவில்லை, அழிக்கக் கொடுத்துவிட்டேன்.

கனடாவுக்குப் படிக்க வந்து, பிறகு மொன்றியல் துறைமுகத்தில் கிரேன் திருத்தும் வேலையில் சேர்ந்தவர் நீங்கள். முதல் சேமிப்பில் ஊரில் காணி வாங்காமல், உலகப் போர்க்காலத்து இயந்திரத் துவக்குகள் இரண்டை வாங்கினீர்கள். பிறகு சட்டம் வந்தது. ஏற்கெனவே பதிந்தவர்கள் வைத்திருக்கலாம், தங்களுக்குள் கைமாற்றலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது.

"இனி ஒருத்தரும் புதுசா வாங்கேலாது பிள்ளை. இருக்கிறது இவ்வளவுதான். விலை ஏறிக்கொண்டுதான் போகும்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! வாங்கக்கூடியவர்களும் கிழவர்களாகி ஒவ்வொருவராகப் போகிறார்களே என்றால் உங்களுக்குக் காது கேட்காது. இவ்வளவு கெட்டிக்காரனுக்கு அது மட்டும் எப்படி விளங்காமல் போனது?

சனிக்கிழமைகளில் பேஸ்மென்டில் நீங்கள் எண்ணெய் பூச, துணி பிடித்தபடி பக்கத்தில் நின்றது நான்தான். அந்த மணம் எனக்கு இன்னமும் பிடிக்கும். எல்லாப் பாகத்திலும் ஒரே இலக்கம் பொறித்திருப்பதைக் காட்டி, "இதுதான் இதின்ரை பெறுமதி" என்பீர்கள். அவற்றைத் தொட்ட அளவு மென்மையாக எங்கள் யாரையாவது தொட்டிருக்கிறீர்களா அப்பா?

அம்மா மட்டும் அந்த பேஸ்மென்ட் படியில் கால் வைக்க மாட்டார். ஊரில் அவருடைய அண்ணனை வாசலில் வைத்துச் சுட்டபோது பார்த்துக்கொண்டு நின்றவர் அவர். அது தெரிந்தும், "அவங்கள் வைச்சிருந்தது துவக்கு. நான் வைச்சிருக்கிறது மெஷின்" என்று வியாக்கியானம் சொன்னீர்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஆயுதபூசைக்கு அவற்றை மேலே கொண்டுவந்து என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். அம்மா ஈரச் சந்தனத்தைப் பெருவிரலில் எடுத்து, பிரென்னின் மேல் அழுத்திப் பொட்டு வைத்தார். வைக்கும்போது மெல்லச் சொன்னார்: "நீ பேசாமல் கிட. ஒருத்தரையும் தொடாதை." உங்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

பூசையில் வைத்ததை அடுத்த நாள் வரைக்கும் எடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டீர்கள். துடைத்துப் பார்த்தால் பெருவிரல் அளவில் துரு. சுரண்டினால் பெறுமதி போய்விடும் என்று அதை அப்படியே விட்டீர்கள். மூன்று நாள் அம்மாவோடு நீங்கள் கதைக்கவில்லை.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள், உங்கள் அந்தியேட்டி முடிந்த கையோடு, துவக்குகளை வாங்கவென்று லொங்குய்யிலிருந்து ரெஜான் வந்தார். உங்களைப் போலவே பழைய பதிவு வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர். பிரென்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "துருவைச் சுரண்டி மெருகேற்றிவிடலாம், மதாம். பிறகு யாருக்கும் தெரியாது" என்றார்.

"குடு அக்கா. அப்பா ஆயுள் முழுக்கப் பொத்திப் பொத்தி வைச்சது" என்றான் தம்பி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உங்கள் துவக்குகளைப் பற்றி அம்மா அந்த வீட்டில் சொன்ன ஒரே சொல் அந்தத் துருதான். அதையும் சுரண்டுவதா? உயிலில் பொறுப்பாளி என்று என் பெயரைத்தானே எழுதினீர்கள்?

"அம்மா, நீங்கள் சொல்லுங்கோ" என்றேன். இத்தனை வருடத்தில் அவரை யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"வெட்டச் சொல்லு" என்றார் அம்மா. "ரெண்டையும்."

ரெஜான் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். தம்பி ஒரு கிழமை போன் எடுக்கவில்லை. போகட்டும். பொலிஸுக்கு நான்தான் அறிவித்தேன், கையெழுத்தும் நான்தான் வைத்தேன்.

எடுத்துப் போக ஒரு பொலிஸ்காரனும் ஒரு பொலிஸ்காரியும் வந்தார்கள். "பொறுங்கோ" என்று அவர்களை மறித்துவிட்டு, அம்மா சாமியறைக்குள் போய்ச் சந்தனம் கொண்டுவந்தார். இரண்டுக்கும் பொட்டு வைத்தார். அந்தப் பொலிஸ்காரி திகைத்துப்போய் இது என்ன என்று என்னைக் கேட்டாள். வழியனுப்புகிறார் என்றேன்.

நான் அழுதேன் அப்பா. அது உங்களுக்காக. செய்ததற்காக இல்லை.

ட்ரெட்மில் எங்கே என்று சொல்லவில்லையே. பேஸ்மென்டில், உங்கள் இரும்பு அலுமாரி நின்ற அதே இடத்தில். வெளியே பனி கொட்டுகிறது. அம்மா தனியாகப் படியிறங்கிப் போய் நடக்கிறார். வருகிற ஆயுதபூசைக்கு அதற்குத்தான் பொட்டாம்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் எண்ணெய்ப் போத்தலை நான் கொடுக்கவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை அந்த ட்ரெட்மில்லுக்கு எண்ணெய் போடுவேன், நீங்கள் காட்டித்தந்த அதே பக்குவத்தோடு. அம்மா நடக்கும் இடத்தில் இனி ஒரு சத்தமும் கேட்காது.

இப்படிக்கு,
உங்களுக்குத் துணி பிடித்த, உங்கள் சொல் கேளாத மூத்த மகள்,
வதனி