மாலுவின் விளையாட்டும் என் கிழ லேப்டாப்பும்

ஜூன் 4, ஞாயிறு

வெயில். பறக்கிற காக்கை வறுவலாகி விழும். கரண்ட் போனது, வந்தது, போனது.

சிங்கப்பூரிலிருந்து மாலு அனுப்பிய விளையாட்டு சி.டி. வந்து சேர்ந்தது. அண்ணன் மகள். டெல்லியில் இந்த மயூர் விஹார் ஃப்ளாட்டில் என் தோளேறி வளர்ந்தவள். வேலைக்குப் போய் ஒரு வருஷம். போனில் இப்போது "சாப்டியா?", "சாப்டேன்." அதற்கு மேல் இருவருக்குமே பேச்சு வருவதில்லை. போன வாரம் அவளே:

"சித்தப்பா, இத போடுங்க, நெட்ல சேர்ந்து விளையாடலாம். ஏரிக்கரைல வீடு கட்டிருக்கேன். ஆனா உங்க டப்பால சலேகா, ஓடுமா?"

டப்பாவாம்! ஆபீஸ் கழித்துக்கட்டியபோது நான் மீட்டுவந்த பட்டத்து யானை அது.

அட்டையின் பின்னால் தகுதிகள். கலெக்டர் மாப்பிள்ளைக்குப் பெண் தேடுகிறவர்கள்கூட இத்தனை கேட்கமாட்டார்கள். ப்ராசஸர்: ஜஸ்ட் பாஸ். மெமரி: பாதிதான் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு: அப்படி ஒன்று உள்ளே உண்டா என்றே தெரியவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் படையெடுப்பு. மெமரி கூட்டியாயிற்று. அப்படியே கிராஃபிக்ஸ் கார்டையும் மாற்றச் சொன்னேன். கடைக்காரர் சிரித்தார்.

"அங்கிள்ஜி, லேப்டாப் மே யே நஹீ பதல்தா. ஜோ ஹை, சோ ஹை."

இருப்பது இருப்பதுதான். மாற்ற முடியாதாம். கடை வைத்திருக்கும் வேதாந்தி.

ஜூன் 8, வியாழன்

சி.டி. போட்டேன். பாதியில் அணைந்தது. சூடு. மேலே தோசை வார்க்கலாம். உள்ளறைக் கூலரை இழுத்து வந்து அதன் முன்னால் ஸ்டூல், ஸ்டூல்மேல் லேப்டாப். சாரல் படாமல் இருக்க மேலே பேப்பர் கூரை.

மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். "இத்தன வருஷத்துல எனக்கு ஒரு நாள் விசிறியிருக்கியளா?"

வீரனுக்குப் போர்க்களத்தில் பேச்சு எதற்கு?

விளையாட்டின் செட்டிங்ஸில் நிழல், புல், தண்ணீர் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் ஆஃப் செய்தேன். ஓடியது! ஓடியது என்பது மரியாதைக்கு. நொண்டியது.

உடனே மாலுவுக்கு போன். "அச்சா? சச்சீ? நிஜமாவா?" என்று கத்தினாள். பழைய மாலுவின் கத்தல். சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் சந்திப்பு.

ஜூன் 9, வெள்ளி

ஐ.என்.ஏ. மார்க்கெட். முருங்கைக்காய், அப்பளம், நல்லெண்ணெய். புளி மறந்தேன். திட்டு.

அந்தக் கூலர் மாலு அறையுடையது. ஒரு வருஷமாக யாரும் போடவில்லை. இன்று துடைத்தேன்.

ஜூன் 10, சனி

கூலர் ரெடி. சட்டைகூட மாற்றிக்கொண்டேன், யார் பார்க்கப்போகிறார்கள்!

திரையில் ஒரு வீட்டு வாசலில் சிவப்புப் பாவாடையில் ஒரு பொம்மை. மேலே மாலுவின் பெயர். "வாங்க, ஏரி காட்டுறேன்" என்று எழுதிவிட்டு ஓடினாள். பின்னாலேயே நான், நொண்டி நொண்டி. ஓரிடத்தில் நின்றாள்.

"எப்படி இருக்கு?"

என் திரையில் சாம்பல் தரை. சிமெண்ட் மைதானம்போல. ஏரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தெரியவில்லை என்றால் "சரி, விடுங்க" என்று போய்விடுவாளே. தட்டினேன்:

"பிரமாதம்! காவிரி வந்து பாடம் படிக்கணும். மீன் ஒவ்வொண்ணும் யானைக்குட்டி சைஸ்!"

கூலர் கடகட.

"சித்தப்பா, அதுல மீனே கிடையாது."

மறுபடி அவளே தட்டினாள்:

"தண்ணி தெரியலையா?"

"தெரியல."

பொம்மை அசையவில்லை. போயேவிட்டாள் என்று நினைத்தேன். சரோஜா சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்க மனமில்லை. பிறகு ஒரு வரி வந்தது.

"நானும் தண்ணிய ஆஃப் பண்ணிட்டேன். ஒரே மொட்டையா இருக்கு. உக்காருங்க."

உட்கார எந்த பட்டன் என்று கேட்டேன். சொன்னாள். உட்கார்ந்தேன்.