மெத்தைக்கடியில் இருந்த ஜெனரலின் தாள்

குளத்தூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் அனகாவுக்கு அம்மா பிரேமகுமாரி எழுதுவது. நீயும் மருமகனும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க பகவதி துணை. இங்கே நான் இருக்கிறேன். மழை விடவில்லை, பின்பக்கத்து மரச்சீனிக் கிழங்கு எல்லாம் அழுகிப் போச்சு.

போனில் சொன்னால் நீ அழுவாய், எனக்குப் பேச்சு நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா போய் முப்பது நாள் ஆகியும் அவர் கிடந்த மெத்தையை எரிக்காததற்கு எல்லோரும் ஏசினார்கள். செவ்வாய்க்கிழமை தூக்கினேன். அடியில் இரண்டு பலகை, நடுவில் ஒரு பழைய இங்கிலீஷ் தாள். தாள் கிடைத்ததை மட்டும் போனில் உன்னிடம் சொன்னபோது, மெத்தையோடு எரித்துவிடு, செத்த மனுஷன் பேரில் திருட்டுப் பழி வேண்டாம் என்றாய். நீ சொன்னதில் தப்பில்லை. ஆனால் அஜீஷ் விஷயம் உனக்குத் தெரியாது.

அப்பா வேலை பார்த்த டிரஸ்ட் ஆபீஸில் ஒரு வெள்ளைக்கார ஜெனரலின் சொந்தக் கடிதங்கள் ஒரு பெட்டி உண்டு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு. கிழிந்த தாளுக்கு மைதாப் பசை தடவி, மெல்லிசுத் தாள் ஒட்டி, பலகைக்கு நடுவில் அழுத்தி வைப்பதுதான் கடைசி ஐந்து வருஷமும் அப்பாவின் வேலை. இப்போது அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஒரு தாள் குறைகிறதாம். அப்பாவுக்குப் பிறகு பெட்டியைத் தொட்டவன் அஜீஷ். தினக்கூலிக்காரன். வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம்.

நேற்று அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சேச்சி, இது பொன்னையன் அண்ணனுக்க கைவேலை ஆக்கும், ஒட்டின இடம் தெரியுதா பாருங்கோ என்றான். வாசிக்கச் சொன்னேன். ஜெனரல் பெண்டாட்டிக்கு எழுதினது. குதிரைத் தீவனம், மழை, பல்வலி, இதுதான் முழுக்க. கடைசி வரியில் மட்டும், நம் பையனுடைய பூட்ஸை யாருக்கும் கொடுக்காதே, நான் வந்து எடுத்து வைக்கிறேன் என்று இருக்கிறது. அந்தப் பையன் காய்ச்சலில் செத்துப் பதினைந்து நாளில் எழுதினதாம் அது, பெட்டியில் இருக்கிற மற்றக் கடிதங்களில் உண்டு என்றான்.

மக்கா, உன் அண்ணன் சிஜு போன பதினாறாம் நாள், அவன் பந்து விளையாடுகிற பூட்ஸை நான்தான் பொழியூர்க்காரப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்தேன். கொடுப்பது வழக்கம்தானே. அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போனதற்கு இந்த மனுஷன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லையே என்று நாலு வருஷமாக மனசில் வைத்திருந்தேன். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவருக்கு அந்த இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அஜீஷ் ஒரு வழி சொன்னான். கூலி பாக்கி வாங்கப் போவும்போ இதை ரேக்குக்குப் பின்னால இட்டுட்டு, அங்க கிடந்து கிட்டிச்சுன்னு சொல்லுதேன் சேச்சி, அண்ணனுக்க பேரு வரண்டாம் என்றான். எலே, எடுத்தவனே கொண்டு வச்சான்னு ஆபீஸ்காரனுவ சொல்லுவினும், உனக்க பிள்ளைக்குப் பிறக்கும் முன்ன இந்தப் பேரு வேணுமா என்று ஏசி அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பாறசாலையிலிருந்து காலை வண்டியில் டிரஸ்ட் ஆபீஸுக்கு நானே கொண்டு போகிறேன். எடுத்தது என் வீட்டுக்காரர்தான் என்று எழுதிக் கையொப்பம் போடுவேன். ஊரில் பேசுவார்கள். உன் மாமியார் வீட்டிலும் தெரியவரும், உனக்குக் குறைச்சல்தான். அம்மாவைப் பொறுத்துக்கொள். வேறு வழி யோசிக்க எனக்கு உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை.

அப்பா திருடன் இல்லை. அதை நீ நம்பினால் எனக்குப் போதும்.

நாலு வருஷமாக இந்த வீட்டில் யாரும் சிஜு பேரைச் சொன்னதில்லை. போனில் நீயும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அவனைப் பற்றி என்னிடம் ஏதாவது கேள், மக்கா. என்னவானாலும் கேள்.

நீயும் உன் வீடும் நல்லா இருக்கணும்.

உன் அம்மா
பிரேமகுமாரி