இடப்பக்கம் விட்ட இடம்

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம். ஓய்வு பெற்ற பிறகும் இந்த விடுதிப் பள்ளிக்கு வந்து வகுப்பில் கத்துவதால் தொண்டைதான் கொஞ்சம் கட்டியிருக்கிறது.

நேற்று மகளிடம் போனில், "அப்பா நடக்கிறாரா?" என்று கேட்டேன்.

"நடக்கிறாரே, சோபாவுலேருந்து சாப்பாட்டு மேசைக்கு. இளைக்கிற மாத்திரை ஒரு டப்பா வாங்கி வெச்சிருக்கார். உன்கிட்ட சொல்லலையாம்மா?"

அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு தட்டை மூடி வைத்துவிட்டேன்.

எடை குறைந்தால்தான் மூட்டு ஆபரேஷன் என்று டாக்டர் சொன்ன அன்று, சேர்ந்தே இளைப்போம் என்றது நீங்கள்தான். தட்டில் பாதி காய், கால் பங்கு பயறு, கால் பங்கு சோறு என்று வைத்துக்கொண்டு, உங்களோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்தே சாப்பிட்டேன். விடுதிக்குப் பின்னால் நடக்கும்போது உங்களுக்காக இடப்பக்கம் இடம் விட்டே நடந்தேன். நீங்களோ தினமும் போனில், "இன்னைக்கும் நடந்தாச்சு" என்றீர்கள்.

சில பிள்ளைகள் கணக்கைப் போடாமல் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையைப் பார்த்து எழுதுவார்கள். பரீட்சையில் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் மாத்திரையும் அப்படித்தான். ரத்த அழுத்த மாத்திரையோடு அது சேருமா என்று கேட்டீர்களா? டாக்டரிடம் டப்பாவைக் காட்டும்வரை தொடாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய செருப்பைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது கடிக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை, நடக்க வாசலில் இறங்கியதும் எனக்குப் போன் போடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். உங்கள் பேச்சை இப்போதைக்கு நம்ப முடியவில்லை. நடக்கிற சத்தம் கேட்டால் போதும்.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் மனைவி