கொலைகாரனாக நடித்தவரின் வீட்டிலிருந்து

பட்டாம்பி,
மிதுன மாதம், நல்ல மழை.

அன்புள்ள ஷினோஜுக்கு,

வத்சலா சேச்சி எழுதுகிறேன். நீயும் உன் படமும் போகிற இடமெல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும். லண்டனில் உன் படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம், பேப்பரில் உன் போட்டோவோடு வந்திருந்தது. மெலிந்துபோயிருக்கிறாய். அந்தக் குளிரில் பட்டினி கிடக்காதே. இங்கே படப்பிடிப்பு நடந்தபோது கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும் வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுவாயே, அந்தப் பசி உனக்கு எப்போதும் இருக்கட்டும்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பவித்ரேட்டன் காதில் விழும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உன் விலாசத்தை உன் அம்மாவிடம்தான் வாங்கினேன்.

படம் நல்ல படம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் படம் எடுக்கிற பையன் எடுத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெரிய நடிகர் இல்லை, பாட்டு இல்லை, அடிதடி இல்லை. ஒரு சின்னப் பெண் காணாமல் போகிறாள், ஊரே தேடுகிறது. தேடுகிறவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, அவளுடைய அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு கூடவே அலைகிற ஆட்டோக்காரன்தான் அவளைக் கொன்றவன் என்று தெரிகிறபோது தியேட்டரில் ஒரு சத்தமில்லை. பக்கத்திலிருந்த, அவனாக நடித்த என் கணவரின் கையைப் பிடித்திருந்தேன். அந்த நேரத்தில் நானே கையை விட்டுவிட்டேன், ஷினோஜ். பிறகு மறுபடி பிடித்துக்கொண்டேன். அவர் கவனித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.

முதன்முதலில் நீ வந்து கேட்ட அன்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "சேச்சி, பவித்ரேட்டன் முகத்தைப் பார்த்தா சின்னக் குழந்தைகூட மடியில வந்து உக்காரும். அந்த முகம்தான் எனக்கு வேணும்" என்றாய். எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும் என்று அவருடைய ஆட்டோவையே ஓட்டச் சொன்னாய், அவருடைய காக்கிச் சட்டையையே போடச் சொன்னாய். எங்கள் கிணற்றிலேயே அந்தக் குழந்தையைக் கண்டெடுப்பதாக எடுத்தாய். நிஜமாகத்தான் இருந்தது. மோசமான படமாக இருந்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்.

படம் வந்த புதிதில் ஆட்டோ ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். அவரோடு நின்று போட்டோ எடுக்க ஒற்றப்பாலத்திலிருந்தெல்லாம் பையன்கள் வந்தார்கள். அவருக்கு ஒரே வெட்கம். "நான் எங்க நடிச்சேன், அவன் நட, நில்லுன்னான், நடந்தேன், நின்னேன்" என்பார்.

அப்புறம் வண்டிக்கு வந்த குழந்தைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. நர்சரிக் குழந்தைகளை இவர் எத்தனை வருஷமாக ஏற்றிப் போகிறார் என்று உனக்கே தெரியும். ஒரு வீட்டில் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறோம் என்றார்கள். இன்னொரு வீட்டில் தாத்தாவுக்கு நடந்தால் நல்லதென்று டாக்டர் சொன்னாராம், அவரே கொண்டுபோய் விடுவாராம். முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. ரம்லத் மட்டும் நேராக வந்தாள், ஃபிதா மோளின் அம்மா. வாசலில் நின்று அழுதாள். "அது வெறும் நடிப்புன்னு எனக்குத் தெரியாதா சேச்சி? தெரியும். தெரிஞ்சும் அவ வண்டியில ஏறினா, திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கறேன். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். நாலு வார்த்தை கேட்டுவிட எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்து, "நீ செய்யறது சரிதான் மோளே. பெத்தவ மனசு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, குழந்தை வண்டியில் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

கோடையில் எல்லார் வீட்டுக் கிணறும் வற்றும், எங்கள் கிணறு வற்றாது. மீன மாதம் பிறந்தால் குடத்தோடு பெண்கள் வருவார்கள், ஊர்வம்பு முழுவதும் எங்கள் கிணற்றடியில்தான். இந்த வருஷம் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வெயிலில் வரிசையில் நின்றார்கள். ஜானகியம்மா ஒருத்திதான் வந்தாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது, படம் பார்க்கவில்லை.

இதெல்லாம் பழகிவிடும், நாலு படம் வந்தால் ஊர் மறந்துவிடும் என்றிருந்தேன். போன வாரம் நடந்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

மழை கொட்டியதால் பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ரம்லத்துக்குத் தகவல் போகவில்லை போலிருக்கிறது. ஃபிதா பாலத்துப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருக்கிறாள். கூரை ஒழுகுகிறது, குழந்தை நடுங்குகிறது. இவர் கோழித்தீவன மூட்டையை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்திருக்கிறார். இப்போது அந்தச் சவாரிதான். அவள் இவரைப் பார்த்ததும் "பவிமாமா!" என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

இவர் ஏற்றிக்கொள்ளவில்லை.

"அங்கயே நில்லு மோளே, உம்மா வந்துடுவா" என்று சொல்லிவிட்டு, தன் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் மழையில் நின்றிருக்கிறார், எல்லோரும் பார்க்கும்படியாக. ஏன் ஏற்றவில்லை என்று புரியாமல் குழந்தை அழுதுகொண்டே நின்றிருக்கிறாள். ரம்லத் ஓடி வந்து அவளைத் தூக்கும்வரை இவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சாயாக்கடை நாணு வந்து எனக்குச் சொன்னான். "சேச்சி, ரம்லத் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனா, இவரு வாங்காம பின்னாடி நகர்ந்து நகர்ந்து போறாரு" என்றான்.

அவர் வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன். "ஏத்தியிருந்தா ரெண்டு நிமிஷத்துல வீட்டுல விட்டிருப்பேன்டி. அந்த ரெண்டு நிமிஷத்துல அவ உம்மா வந்து பார்த்து, புள்ளைய காணோம்னு கத்தியிருந்தா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "குளிர்ல அதுக்கு உதடெல்லாம் நீலமாயிருந்துச்சு" என்றார். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தார்.

குழந்தை நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷனா அவர்? உன் படத்தில் அவர் செய்ததெல்லாம் பொய், ஷினோஜ். இது மட்டும்தான் நிஜம். இதை நீ பார்க்கவில்லையே என்றிருக்கிறது.

உன்மேல் தப்பில்லை. ரம்லத் மேலும் இல்லை. யார் மேலும் தப்பில்லாததால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஓணத்துக்கு நீ வந்ததும் வாசகசாலைக்காரர்கள் உனக்குப் பாராட்டு விழா வைக்கிறார்களாம், இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வேஷ்டியை எடுத்துத் துவைத்துக் காயப்போட வெயிலுக்குக் காத்திருக்கிறார். உன்னிடம் அவர் எதையும் சொல்ல மாட்டார். அடுத்த படத்துக்குக் கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டார். அதெல்லாம் உங்கள் இருவர் விஷயம், நான் நடுவில் வரவில்லை.

எனக்கு ஒன்றே ஒன்றுதான். ஸ்டாண்டிலும் கடையிலும் இப்போது அவரைப் படத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "தாமோதரா, சாயா எடுக்கட்டா?" என்கிறார்கள். இவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறார். மேடையில் நீ மைக்கைப் பிடித்ததும் விசில் அடித்து அந்தப் பெயரைத்தான் கத்துவார்கள். நீ மட்டும் அப்படிக் கூப்பிடாதே, மோனே. பவித்ரன் என்று கூப்பிடு. கடைசி வரிசையில் குழந்தையோடு நிற்கிற பெண்களுக்கும் கேட்கும்படி, பவித்ரேட்டா, வா என்று கூப்பிடு.

குருவாயூரப்பன் உன்னைக் கைவிட மாட்டான். நீ இன்னும் பெரிய படங்கள் எடுப்பாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரியமுள்ள
வத்சலா சேச்சி