சாரல் அடக்கி வைத்த சத்தம்

ஆனி 24, செவ்வாய்.

பீற்றிக்கொண்டதெல்லாம் வீண்.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் காரின் முன்பக்கம் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரி மல்லிகாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து, அவளை அதில் ஏற்றிக்கொண்டு போகவே பயம். போன வாரம் வாசலிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டில் அதிர்ச்சி தாங்க வைத்திருக்கும் ரப்பர் புஷ்களில் தேய்ந்துபோன ஒன்றை நானே மாற்றினேன். சத்தம் அடங்கியது. இலஞ்சியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

இன்று சாரல் ஓய்ந்து வெயில் அடித்தது. தென்காசி போய் வந்தோம். மல்லிகா பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டே வந்தாள். வாசல் மேட்டில் ஏறும்போது பாட்டு முடிந்திருந்தது. கிரீச்.

இறங்கி, முன்பக்கத்தை அமுக்கினேன். கத்தியது. சக்கரத்துக்கு உள்ளே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி மறுபடி அமுக்கினேன். சத்தமே இல்லை. கத்தியது நான் மாற்றாத இன்னொரு புஷ். ஒரு வாரமாகச் சாரலில் நனைந்து வாயை மூடிக் கிடந்திருக்கிறது.

"காலையிலயே கேட்டுச்சு," என்றாள் மல்லிகா.

"ஏட்டி, அப்பமே சொல்லக்கூடாதா?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீய. சொல்ல மனசு வரல. அதான் பாட்டைக் கூட்டி வச்சேன்."

சிரித்துவிட்டேன். அந்தப் புஷ்ஷையும் நாளைக்கு மாற்றிவிடலாம். அது பெரிய வேலை இல்லை.

ஆனால் இன்று தென்காசி போய் வந்த வழியெல்லாம், ஒவ்வொரு பள்ளத்திலும், "முதுகு வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் "இல்ல" என்றுதான் சொன்னாள்.