ஓரம் கருகிய கடிதம்

தென்காசி,
ஆனி 5

கொழும்பிலிருக்கும் அத்தானுக்கு,

அங்கே பிளேக் என்று பத்திரிகையில் போட்டாலும் போட்டான், தபால்காரர் உங்கள் கடிதத்தை இடுக்கியில் பிடித்து, வேப்பிலைப் புகை காட்டித்தான் கொடுத்தார். நான்கு ஓரமும் கருகிவிட்டது.

கறுப்பு ஓரத்தைக் கண்டதும் சாவுக் கடிதம் என்று அத்தை, "எம்புள்ளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார். தெருவே கூடி அழுதது. பிரித்துப் படிக்க மட்டும் ஒருவரும் வரவில்லை. "தொடாதட்டி, ஒட்டிக்கிடும்!" என்றாள் மூக்கம்மாள் மதினி, ஒப்பாரிக்கு நடுவே.

என் தலைப்பூவில் யாரும் கை வைக்குமுன் நானே பிரித்தேன். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தொடங்கிவிட்டது. அடுத்த கடிதத்தில் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுங்கள். வேண்டாம், நீங்களே வாருங்கள். உங்களுக்குப் புகை போட விடமாட்டேன்.

இப்போதும் பூ வைத்திருக்கும்,
உங்கள் மனைவி