துடைக்கக் கூடாத இலை

என்னங்க,

சாதம் குக்கரிலேயே இருக்கிறது, குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு மாலை ஷிப்ட், வர நேரமாகும். உங்கள் தங்கை வந்தால் பால்கனியில் பூத்திருக்கிற கொத்தமல்லியைக் கிள்ள விடாதீர்கள்.

"வீட்டுல கொத்தமல்லிய வளத்துட்டு கடையில வாங்குற ஒரே குடும்பம் நாமதான்"னு நேற்று கத்தினீர்களே, அந்தப் பூவைத் தேடித்தான் பொறிவண்டு வருகிறது. வந்தது பக்கத்துத் தொட்டியில் கத்தரி இலைக்கு அடியில் முட்டை வைக்கும். பொரிந்து வரும் புழுக்கள் இலைச் சாற்றை உறிஞ்சுகிற அசுவினிப் பூச்சியைத் தின்று தீர்த்துவிடும், மருந்தே அடிக்க வேண்டாம். இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் எங்கே காது கொடுத்தீர்கள்?

இன்று நீங்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் கத்தரி இலையெல்லாம் பளபளக்கிறது! உங்கள் லென்ஸ் துடைக்கிற துணியில் மஞ்சள் கறை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். நேற்றைய சண்டைக்குச் சமாதானமாக, விடிவதற்குள் இலை இலையாகத் துடைத்து வைத்திருக்கிறார். ஐயா, அந்த மஞ்சள் அழுக்கு இல்லை, முட்டை!

திட்டத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுதச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவரோரத் தொட்டியில் ஓர் இலையை விட்டுவிட்டீர்கள். அதன் அடியில் முட்டை அப்படியே இருக்கிறது. துணியோடு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஃபிரிட்ஜில் ஒரு கட்டு கொத்தமல்லி வைத்திருக்கிறேன். ஆமாம், கடையில்தான் வாங்கினேன்.

துடைத்தே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், நான் படிக்கப் போடுகிற கண்ணாடியை மேசை மேல் விட்டுப் போகிறேன். எத்தனை நாளாகச் சொல்கிறேன், மங்கலாக இருக்கிறது என்று.